கரண்ட் போய் வந்த பிறகு டிவி ஆன் ஆகவில்லை: "போர்டு போச்சு" என்றால் அவ்வளவுதானா?

நீங்கள் கேட்டிருப்பது இது. நான்கு வருடம் நன்றாக ஓடிய 43 அங்குல எல்இடி டிவி. ராத்திரி கரண்ட் போய் விடிகாலையில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு டிவி ஆன் ஆகவில்லை, கீழே இருக்கும் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. வீட்டுக்கு வந்த மெக்கானிக் பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை நம்பலாமா, நானே பின்மூடியைத் திறந்து பார்க்கலாமா என்கிறீர்கள். படக்குழாய் டிவி காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறக்காமல் "போர்டு போச்சு" என்று யாராலும் சொல்ல முடியாது, எந்த போர்டு என்று நிச்சயமாகச் சொல்லவே முடியாது. நீங்கள் சொல்லும் அறிகுறியோடு வரும் டிவிகளில் பெரும்பகுதி சரிசெய்யக்கூடியவை. ஆனால் நீங்களே திறப்பது வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூடியைத் தொடாமல் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அற்பமாகத் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள். பிளக் பாயிண்டில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்க்காதீர்கள். டெஸ்டர் ஃபேஸ் வருகிறதா என்று மட்டும்தான் காட்டும். நியூட்ரல் கழன்றிருந்தாலும் அது பளிச்சென்று எரியும், ஆனால் டிவி ஓடாது. அதே பாயிண்டில் ஒரு மேஜை விளக்கையோ இஸ்திரிப் பெட்டியையோ மாட்டிப் பாருங்கள். பிறகு ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு டிவியை நேராகச் சுவரில் மாட்டுங்கள். கரண்ட் போய் வரும்போது ஸ்டெபிலைசரின் ஃபியூஸ் போய், பழி டிவி மேல் விழுவது அடிக்கடி நடப்பது. உங்கள் டிவியின் கரண்ட் ஒயர் பின்னால் கழற்றக்கூடிய வகை என்றால், அதே மாதிரி வேறொரு ஒயரை மாட்டிப் பாருங்கள். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டருக்கு வரும் இரண்டு துளை ஒயர் பல டிவிகளுக்குப் பொருந்தும்.

அடுத்து, செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்டிஎம்ஐ ஒயர், பென் டிரைவ், சவுண்ட் பார், இணைய ஒயர் என்று டிவியில் சொருகியிருக்கும் அத்தனையையும் உருவிவிடுங்கள். ஷார்ட்டான பென் டிரைவ் ஒன்று போதும், டிவியை எழும்பவிடாமல் செய்வதற்கு. பிளக்கையும் உருவிவிட்டு, டிவியிலேயே இருக்கும் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பட்டன் கம்பெனியின் பெயர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழேயோ, பின்னால் ஒரு ஓரத்திலோ இருக்கும். ஒரு பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, மறுபடி பிளக்கை மாட்டி ரிமோட்டைத் தொடாமல் அந்தப் பட்டனிலேயே ஆன் செய்யுங்கள். கரண்ட் தடுமாறி வரும்போது உள்ளே இருக்கும் பிராசசர் சில சமயம் பாதி வழியில் நின்றுவிடும். மிச்சமிருக்கும் மின்சாரம் முழுக்க வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும். விளக்கு எரிந்துகொண்டு ஆன் ஆகாமல் இருக்கும் டிவியில் இது பலமுறை பலன் தருகிறது. உங்களுடையது போல விளக்கே எரியாத டிவியில் பலன் குறைவு, ஆனால் காசில்லாத சோதனை, செய்துவிடுங்கள்.

இப்போது டிவி எந்த விதத்தில் ஆன் ஆகவில்லை என்று பார்க்க வேண்டும். இதைத்தான் மெக்கானிக் உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். சிவப்பு விளக்கு நிலையாக எரிகிறது, ரிமோட்டுக்கு மட்டும் அசையவில்லை என்றால் ரிமோட்டில் தொடங்குங்கள். மொபைலின் முன்பக்க கேமராவைத் திறந்து, அதை நோக்கி ரிமோட்டை அழுத்தினால் நுனியில் ஊதா நிறப் புள்ளி மின்ன வேண்டும். பின்பக்க கேமரா பல மொபைல்களில் அந்த ஒளியை வடிகட்டிவிடுவதால் காட்டாது. விளக்கு எரிகிறது, ஆன் செய்தால் சத்தமும் வருகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் டிவி ஆன் ஆகியிருக்கிறது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை. இதை உறுதிசெய்ய அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நிழல் மாதிரி படமோ மெனு எழுத்தோ நகர்வது தெரிந்தால், பேனல், அதாவது படம் காட்டும் திரை, வேலை செய்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகளிலோ அவற்றுக்குக் கரண்ட் தரும் இடத்திலோதான் கோளாறு என்று தாராளமாகச் சொல்லலாம். விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்றால் டிவி தனக்குள்ளே ஒரு கோளாறைக் கண்டு நின்றிருக்கிறது. எத்தனை முறை மின்னி இடைவெளி விடுகிறது என்று எண்ணி வையுங்கள். சோனி போன்ற கம்பெனிகள் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் வைத்திருக்கின்றன. ஆனால் மாடலுக்கு மாடல் அது மாறும். யூடியூபில் வேறு மாடலுக்குச் சொன்னதை உங்கள் டிவிக்குப் பொருத்திக்கொள்ளாதீர்கள்.

விளக்கே இல்லை என்பது நான்காவது வகை. உங்கள் டிவி இதில் வருகிறது. விளக்கு எரிய ஸ்டாண்ட்பை மின்சாரம் வேண்டும், பல டிவிகளில் அது 5 வோல்ட். அது இல்லை என்பதுதான் உங்களுக்குத் தெரிகிற செய்தி. அது பிறக்கவே இல்லையா, பிறந்து வேறெங்கோ ஷார்ட்டில் அமுங்கிப் போகிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. முதலாவது என்றால் சுவர் கரண்டை டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் போர்டு, இரண்டாவது என்றால் பெரும்பாலும் பிராசசர் இருக்கும் மெயின் போர்டு. என் அனுபவத்தில் கரண்ட் போய் வந்த பின் இப்படி ஆவதில் பவர் போர்டுதான் அதிகம். அது அனுபவக் கணக்குதான், உங்கள் டிவியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு ஈடாகாது.

கரண்ட் போய் வந்ததும் ஏன் இப்படி ஆகிறது? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. உங்களுக்கு எது நடந்தது என்று ஊகிக்கவும் முடியும். ஒன்று, ஓவர் வோல்டேஜ். தெருக் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நியூட்ரல் அறுந்தால், வீட்டுக்கு வர வேண்டிய 230 வோல்ட் 300, 350 என்று ஏறி, மோசமான நிலையில் 400-ஐ நெருங்கும். அப்போது பவர் போர்டின் வாசலில் இருக்கும் வேரிஸ்டர் என்ற சிறிய வட்டத் தட்டு தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃபியூஸை அடிக்க வைக்கும். உள்ளே இருக்கும் மற்ற உறுப்புகளைக் காப்பாற்றுவதற்காகவே வைக்கப்பட்ட உறுப்பு அது. பல நேரம் அந்தத் தட்டையும் ஃபியூஸையும் மாற்றினாலே டிவி எழுந்துவிடும், சில நேரம் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் டயோடும், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பவர் ஐசி என்ற சில்லும் சேர்ந்து போயிருக்கும். அன்று ராத்திரி வீட்டில் பல்புகள் அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தனவா, ஃபேன் வேகம் கூடியதா, பக்கத்து வீட்டிலும் எதாவது போயிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆம் என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. பவர் போர்டில், ஸ்டாண்ட்பை மின்சாரத்தை உண்டாக்கும் ஐசியை எழுப்பிவிட, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், சுண்டு விரல் நகத்தளவு. டிவி பிளக்கில் இருக்கும்வரை அந்தப் பகுதி இரவும் பகலும் ஓடிக்கொண்டே, லேசான சூட்டில் இருக்கிறது. வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ரசாயன ஈரம் வற்றிவிடுகிறது. இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வற்றிய கெப்பாசிட்டரும் சூடாக இருக்கும்வரை ஒப்பேற்றிவிடும். கரண்ட் நாலைந்து மணி நேரம் போனால் அது ஆறிவிடும், ஆறிய பிறகு ஐசியை மறுபடி எழுப்ப அதற்குத் திராணி இருக்காது. அதாவது, கோளாறு மாதக்கணக்கில் உள்ளே இருந்தது, அன்று காலையில்தான் வெளியே தெரிந்தது. சமீப காலமாக ஸ்விட்சை அணைத்துப் போட்டால் விளக்கு வர நேரமெடுத்ததா, இரண்டு மூன்று முறை போட்ட பிறகு வந்ததா? அப்படி இருந்தால் இந்தக் கெப்பாசிட்டர் மேல் எனக்குச் சந்தேகம் வலுக்கும். அந்த உறுப்பின் விலை ஒரு டீக்கு ஆகும் காசைத் தாண்டாது, மீதி மெக்கானிக்கின் நேரத்துக்கான கூலி. இந்த நிலையில் டிவியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நம் ஊர் டிவிகளில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பல்லி. டிவியின் பின்பக்கம் கதகதப்பாக இருக்கும், பூச்சியும் கிடைக்கும். காற்றுத் துளை வழியாக உள்ளே போகும் பல்லி பவர் போர்டின் உயர் மின்னழுத்தப் பகுதியில் இரண்டு இணைப்புகளுக்குக் குறுக்கே விழுந்தால், அதுவும் சாகும், டிவியும் நிற்கும். மூடியைத் திறந்தால் கருகிய வாலும், சுற்றிலும் புகைக் கறையும் இருக்கும். சில டிவிகளில் பல்லி எச்சமும் தூசியும் ஈரமும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இணைப்புக் கால்களைப் பச்சையாகப் பூக்க வைப்பதும் உண்டு. ஈரம் கோக்கும் சுவரில் மாட்டிய டிவியிலும் இதே கதைதான்.

சரி, நீங்களே ஏன் திறக்கக் கூடாது என்கிறேன்? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி, பவர் போர்டுக்குள் நுழைந்ததும் சுமார் 325 வோல்ட் டிசி ஆகி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்கிறது. சில பெரிய டிவிகளில் அது 400 வோல்ட்வரை போகும். பிளக்கை உருவிய பிறகும் அந்த மின்சாரம் அதில் தங்கியிருக்கும். நல்ல போர்டில் சில நிமிடங்களில் வடிந்துவிடும், கெட்ட போர்டில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அது அடித்தால் கை உதறுவதோடு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்து வடிக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். தீப்பொறி பறக்கும், போர்டும் கெடலாம், தயவுசெய்து செய்யாதீர்கள். நாங்கள் ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் கெப்பாசிட்டரின் கால்களில் வைத்து மெதுவாக வடிப்போம், பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைப்போம். இன்னொரு ஆபத்து திரைக்கு. டிவியைக் கவிழ்த்துப் போடும்போது கட்டிலில் ஒரு ரிமோட் கிடந்தால்கூடப் பேனல் விரிசல் விட்டுவிடும், அதன் பிறகு பவர் போர்டு சரியாகி என்ன பயன்?

ஆகவே, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கு வேலை தெரியுமா என்று நீங்கள் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆன் ஆகாத டிவியை அவர் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுகிறாரா, சீரிஸ் லேம்ப் வழியாக மாட்டுகிறாரா என்று பாருங்கள். சீரிஸ் லேம்ப் என்பது டிவிக்குப் போகும் கரண்ட் பாதையில் வரிசையாக ஒரு 100 வாட் குண்டு பல்பைச் சேர்ப்பது. எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால், பெரிய கெப்பாசிட்டர் நிறைந்துவிட்டது, வாசலில் ஷார்ட் இல்லை என்று பொருள். பல்பு முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, ஆனால் பல்பு கரண்டைத் தாங்கிக்கொள்வதால் புதிதாக எதுவும் வெடிக்காது. பல்பில் உயிரே இல்லை என்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் ஃபியூஸ். கண்ணாடி ஃபியூஸ் என்றால் கண்ணாலேயே கொஞ்சம் படிக்கலாம். உட்புறம் கருத்து, வெள்ளி பூசினாற்போல் இருந்தால் பலத்த ஷார்ட் நடந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக, கம்பி மட்டும் அறுந்திருந்தால் சின்னக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு. ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றி ஓட்டுபவரிடம் டிவியைக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை போவது ஃபியூஸோடு நிற்காது, வீட்டில் தீயே பிடிக்கலாம்.

அதன் பிறகு அவர் செய்ய வேண்டியது, பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்குப் போகும் ஒயரை உருவிவிட்டு ஸ்டாண்ட்பை மின்சாரம் வருகிறதா என்று அளப்பது. ஒயர் மாட்டியிருக்கும்போது 5 வோல்ட் இல்லை, உருவியதும் வந்துவிட்டது என்றால் பவர் போர்டு நல்லது, மெயின் போர்டில் ஷார்ட். உருவிய பிறகும் இல்லை என்றால் பவர் போர்டிலேயே கோளாறு. ஐந்து நிமிட வேலை. "மெயின் போர்டைக் கழற்றிவிட்டு ஸ்டாண்ட்பை பார்த்தீங்களா அண்ணே?" என்று நீங்களே கேளுங்கள், தெரிந்தவர் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார். விலை குறைந்த டிவிகள் சிலவற்றில் பவர், மெயின், பேக்லைட் மூன்றும் ஒரே போர்டில் இருக்கும், அவற்றில் இந்தச் சோதனை நடக்காது. அங்கே கண்டுபிடிக்க நேரமும் அனுபவமும் அதிகம் வேண்டும்.

பவர் போர்டு பழுது என்றால் உறுப்பு மாற்றிச் சரிசெய்வதுதான் என் முதல் தேர்வு. உச்சி தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கும் கெப்பாசிட்டர்களை எல்லாம் 105 டிகிரி தாங்கும் வகையாகப் போடச் சொல்லுங்கள். வோல்ட் அளவு அதேயோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. போர்டையே மாற்றுவதாக இருந்தால், அதில் அச்சடித்திருக்கும் எண் உங்கள் பழைய போர்டின் எண்ணோடு பொருந்த வேண்டும். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு பேனல் வைத்த டிவிகள் விற்கப்படுவதால், மாடல் பெயரை மட்டும் நம்பிப் போர்டு வாங்கக் கூடாது. திரை உடைந்த டிவியிலிருந்து கழற்றிய பழைய போர்டு சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும், சோதித்துத் தந்தால் அது நல்ல வழிதான். எந்த டிவிக்கும் பொருத்தலாம் என்று விற்கும் யுனிவர்சல் போர்டு பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஸ்மார்ட் வசதி எல்லாம் வேண்டாம், செய்தியும் சீரியலும் ஓடினால் போதும் என்கிற பழைய 32 அங்குல டிவிக்கு ஓரளவு சரி. அதிலும், பேனலுக்கு 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் ஜம்பர் என்ற சின்ன இணைப்புச் செருகியை 12 வோல்ட்டில் வைத்துவிட்டால் பேனல் அந்த நொடியே முடிந்தது. உங்கள் டிவிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மெயின் போர்டு என்றால் நம்பிக்கை கொஞ்சம் குறையும், முற்றிலும் போகாது. அதில் 3.3, 1.8, 1.2 என்று சின்னச் சின்ன மின்னழுத்தங்களை உண்டாக்கும் ஐசிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் மாற்றலாம். பெரிய பிராசசரே போயிருந்தால் போர்டை மாற்றுவதுதான் வழி. இடி மின்னலோடு போன டிவிகளில் இந்த நிலை அதிகம், ஏனென்றால் மின்னல் கரண்ட் ஒயர் வழியாக மட்டும் வருவதில்லை, டிஷ் ஒயரில் இறங்கி செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ வழியாக நேரே மெயின் போர்டுக்குப் போய்விடும். பேனலே ஷார்ட் என்று தெரிந்தால் மட்டும் செலவு செய்ய வேண்டாம் என்பேன். பேனல் விலை புது டிவி விலையில் பாதிக்கு மேல் போய்விடும். மற்றபடி, இதே அளவு புது டிவியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் பழுதுச் செலவு அடங்கினால் யோசிக்காமல் சரிசெய்யச் சொல்வேன். நீட்டிக்கப்பட்ட வாரண்டி எதாவது எடுத்திருந்தீர்களா என்று பில்லைத் தேடிப் பாருங்கள். இருந்தால் வெளி ஆளைத் திறக்கவிடாதீர்கள். கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம்.

சரியாகி வந்த பிறகு ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்பீர்கள். லோ வோல்டேஜை இன்றைய எல்இடி டிவிகள் பெரும்பாலும் தாங்களே சமாளித்துக்கொள்ளும், பல டிவிகளின் பின் ஸ்டிக்கரில் 100 முதல் 240 வோல்ட் என்றே போட்டிருக்கும். ஆபத்து மேலே ஏறுவதில்தான். அதனால் ஹை வோல்டேஜ் வந்தால் துண்டித்துவிடும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாத ஸ்டெபிலைசருக்குச் செலவு செய்ய வேண்டாம். இடிக்கு எந்தப் பெட்டியும் காவல் இல்லை. சித்திரை மாத இடி மழையிலும் ஐப்பசி அடை மழையிலும் வானம் முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் ஒயரையும் உருவிவிடுவதுதான் காவல். கரண்ட் போனால் டிவி ஸ்விட்சை அணைத்துவிட்டு, வந்து சில நிமிடம் நிலைத்த பிறகு போடுங்கள். பேக்லைட் அளவை முழு 100-இல் வைத்திருந்தால் 60, 70-க்குக் குறைத்துவிடுங்கள், எல்இடி பட்டைகள் கூடுதல் காலம் உழைக்கும்.

நேரே சுவரில் மாட்டிப் பார்த்தபோது என்ன ஆனது, அன்று ராத்திரி பல்புகள் பளிச்சென்று எரிந்தனவா, அதற்கு முன் டிவி எழும்ப நேரமெடுத்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள். மெக்கானிக் திறக்கும்போது பக்கத்தில் நின்று, பவர் போர்டின் படம் ஒன்றும் போர்டில் அச்சிட்ட எண் தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்துப் போட்டால், எந்த உறுப்பில் தொடங்கலாம் என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.